எத்தனை ஆர்.பி.எம்.மில் போவது? விசைப்படகு கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: நீண்ட தூரம் போகும்போது எஞ்சினை எந்த ஆர்.பி.எம்.மில், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்றில், வைத்துக்கொள்வது? மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எஞ்சின் வேலை பார்ப்பவனாகிய எனக்கும் இது மனதுக்கு நெருக்கமான விஷயம்.

கேள்வி: 20 அடி ஃபைபர் படகு ஒன்று வாங்கியிருக்கிறேன். பின்பலகையில் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சின், நான்கு ஸ்ட்ரோக், 115 குதிரைத்திறன். விற்றவர் 3,500 ஆர்.பி.எம்.மில் ஓட்டச் சொன்னார். நண்பர் 4,500 என்கிறார். கையேட்டில் 5,000 முதல் 6,000 வரை என்று போட்டிருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: கையேட்டில் இருப்பது பயண வேகம் அல்ல. வழக்கமான சுமையோடு த்ராட்டிலை (எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை) முழுதாகத் திறந்தால் எஞ்சின் எட்ட வேண்டிய எல்லை அது. புரொப்பெல்லர் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கொடுக்கப்பட்ட எண். உங்கள் எஞ்சின் 5,500ஐத் தாண்டி 6,000க்குள் நிற்கிறது என்றால் அந்தக் கவலையை விட்டுவிடலாம். மற்ற இருவரும் சொன்னது அவரவர் படகில் அவரவருக்குப் பழகிய எண். உங்களுக்கான எண்ணை உங்கள் படகில்தான் கண்டுபிடிக்க வேண்டும். அரை நாள் வேலை, அவ்வளவுதான்.

காற்றும் அலையும் இல்லாத ஒரு காலையைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமாக உங்களோடு வருபவர்களையும் வழக்கமான சாமான்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள். தனி ஆளாகப் போய் எடுத்த கணக்கு பிறகு கைகொடுக்காது. 1,000 ஆர்.பி.எம்.மில் தொடங்கி 500, 500 ஆக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டு நிமிடம் நிலையாக வைத்து, ஜி.பி.எஸ். காட்டும் வேகத்தையும் மணிக்கு எத்தனை லிட்டர் செலவாகிறது என்று எரிபொருள் மானி காட்டுவதையும் குறியுங்கள். பிறகு திரும்பி, அதே பாதையில் எதிர்த்திசையில் அதையே செய்து சராசரி எடுங்கள். நீரோட்டமும் காற்றும் செய்யும் கோளாறு அதில் கழிந்துவிடும். கடைசியாக வேகத்தை லிட்டரால் வகுத்தால், ஒரு லிட்டருக்கு எத்தனை கடல் மைல் என்பது தெரியும். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் போனால் அது ஒரு நாட்.

உங்களுடையது போன்ற படகில் கணக்கு எந்த வடிவத்தில் வரும் என்று காட்டுகிறேன். எண்கள் எடுத்துக்காட்டுக்காகத்தான். 2,000 ஆர்.பி.எம்.மில் 6 நாட், மணிக்கு 7 லிட்டர். 2,500இல் ஏழரை நாட், ஆனால் 12 லிட்டர். 3,000இல் 12 நாட், பதினான்கரை லிட்டர். 3,500இல் 17 நாட், பதினேழரை லிட்டர். 4,000இல் 21 நாட், 21 லிட்டர். 4,500இல் 24 நாட், 26 லிட்டர். 5,000இல் 27 நாட், 32 லிட்டர். முழு த்ராட்டிலில் 32 நாட், 43 லிட்டர்.

இதில் 2,500ஐக் கவனியுங்கள். வேகம் ஒன்றரை நாட்தான் கூடியது, எரிபொருளோ ஐந்து லிட்டர் கூடிவிட்டது. லிட்டருக்கு 0.63 கடல் மைல். முழு வேகத்தில் பறக்கும்போதுகூட 0.74 கிடைக்கிறது. படகு தானே எழுப்பிய அலையின் மேல் ஏறப் பார்த்து, ஏற முடியாமல் முக்கிக்கொண்டிருக்கும் இடம் இது. அணியம், அதாவது படகின் முன்பக்கம், வானத்தைப் பார்க்கும், ஓட்டுபவருக்கு எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாது, பின்னால் பெரிய அலை துரத்திக்கொண்டே வரும். இந்த இடத்தில் ஒரு படகு பயணம் செய்வதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. இதற்குக் கீழே போங்கள், அல்லது மேலே போங்கள். நடுவில் மட்டும் நிற்காதீர்கள்.

த்ராட்டிலை இன்னும் தள்ளும்போது நடப்பதை உட்கார்ந்தபடியே பார்க்கலாம். உயர்ந்து நின்ற முன்பக்கம் மெல்லத் தாழும். மறைந்திருந்த தொடுவானம் மீண்டும் கண்ணுக்குத் தெரியும். முன்னால் தெறித்துக்கொண்டிருந்த நீர், படகின் பக்கவாட்டில் நகர்ந்து உங்கள் இருக்கைக்கு நேராக வரும். பின்பலகையில் ஒட்டிக் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று விட்டு விலகி, விளிம்பு சுத்தமாக வெட்டினாற்போல் தெரியும். படகு மேலேறிவிட்டது. இப்போது த்ராட்டிலை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். எந்த எண்ணில் முன்பக்கம் மறுபடி தூக்கத் தொடங்குகிறதோ, அது உங்கள் கீழ் எல்லை. பயண வேகம் அதற்குக் குறைந்தது 400, 500 ஆர்.பி.எம். மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு சிறு அலையிலும் படகு விழுந்து விழுந்து எழும். உங்கள் கை த்ராட்டிலை விட்டு அகலவே முடியாது.

அடுத்து, லிட்டர் கணக்கைப் பாருங்கள். 3,500இல் 0.97, 4,000இல் 1.0, 4,500இல் 0.92. ஏறத்தாழ ஒன்றுதான். இந்தத் தட்டையான பகுதிதான் உங்களுக்குக் கிடைத்த சுதந்திரம். இதற்குள் எங்கே நின்றாலும் டேங்க் பெரிதாகக் கோபித்துக்கொள்ளாது. ஆகவே அந்த இடத்தை உங்கள் காதும் முதுகும் முடிவு செய்யட்டும். 3,600 முதல் 4,400 வரை நூறு நூறாக மாற்றி ஓட்டுங்கள். பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிகிறதா? திசைச்சக்கரத்தில் நடுக்கம் அடங்கியிருக்கிறதா? அதிர்வும் இரைச்சலும் தணிந்து எல்லாம் ஒன்றாகச் சேரும் ஓர் இடம் அநேகமாக ஒவ்வொரு படகிலும் இருக்கும். அங்கே டாக்கோமீட்டரில் (ஆர்.பி.எம். காட்டும் மானியில்) ஒரு சின்னப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

டிரிம்மை, அதாவது எஞ்சினின் சாய்வை மாற்றும் வசதியை, மறந்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். மேலேறும்வரை எஞ்சினின் கீழ்ப்பகுதி முழுதும் படகை நோக்கி உள்ளே. ஏறிய பிறகு சிறிது சிறிதாக வெளியே. த்ராட்டிலைத் தொடாமலே வேகம் ஒன்றிரண்டு நாட் கூடும். முன்பக்கம் தவளைபோல் குதிக்கத் தொடங்கினால், அல்லது புரொப்பெல்லர் காற்றை இழுத்து எஞ்சின் திடீரென்று கூவினால், கொஞ்சம் உள்ளே கொண்டுவந்துவிடுங்கள்.

கேள்வி: எந்த எஞ்சினாக இருந்தாலும் உச்ச ஆர்.பி.எம்.மில் 80 சதவீதம் வைத்தால் போதும் என்கிறார்களே?

பதில்: அதை நான் விதியாக ஏற்பதில்லை. தேடத் தொடங்குவதற்கு அது ஒரு நல்ல இடம், அவ்வளவே. அது ஓரளவுக்கு வேலை செய்யும் காரணத்தைத் தெரிந்துகொண்டால் நீங்களே உங்கள் எண்ணை நகர்த்திக்கொள்ளலாம். புரொப்பெல்லர் கேட்கும் சக்தி, சுழற்சி வேகத்தின் கனத்தை (அதே எண்ணை மூன்று முறை எழுதிப் பெருக்கினால் வருவதை) ஒட்டி ஏறுகிறது. 90 சதவீத ஆர்.பி.எம்.மில் முழுச் சக்தியில் 73 சதவீதம் செலவாகிறது. 80இல் 51தான். 70இல் 34. டாக்கோமீட்டர் முள் ஐந்தில் ஒரு பங்கு இறங்கினால் எஞ்சினின் பாரம் பாதியாகிவிடுகிறது. மேலேறி ஓடும் படகுகளில் இந்தக் கணக்கு சற்று இளகும், ஆனால் போக்கு இதுதான். கடைசி சில நாட்டுகளுக்காக நீங்கள் கொடுக்கும் விலை எவ்வளவு என்று இதிலிருந்து தெரியும்.

கேள்வி: காரில் 2,000 ஆர்.பி.எம்.மில் நிம்மதியாகப் போகிறோம். படகில் மணிக்கணக்காக 4,000 என்றால் எஞ்சின் சீக்கிரம் தேய்ந்துவிடாதா?

பதில்: கார் ஒருமுறை வேகம் பிடித்துவிட்டால் உருளும், படகு எந்நேரமும் மேட்டில் ஏறிக்கொண்டிருக்கும் வண்டி. மாற்றிப் போட கியரும் கிடையாது, முன்னே ஒன்று, பின்னே ஒன்று. த்ராட்டிலை இழுத்தால் அப்போதே வேகம் விழத் தொடங்கிவிடும். அவுட்போர்டு எஞ்சினை இதைத் தெரிந்துதான் வடிவமைக்கிறார்கள். உச்சம் 6,000 உள்ள எஞ்சினுக்கு 4,000 என்பது அமைதியான நடை. எஞ்சினைக் கொல்வது பெரும்பாலும் ஆர்.பி.எம். அல்ல. குளிர்விக்கும் தண்ணீர் வராதது, பழைய எண்ணெய், மிதமிஞ்சிய பாரம், இந்த மூன்றும்தான். புறப்பட்டதும் எஞ்சினிலிருந்து பீய்ச்சும் சோதனை நீரை ஒருமுறை பார்க்கும் பழக்கம் எந்த ஆர்.பி.எம். கணக்கையும்விட அதிக நாள் எஞ்சினைக் காப்பாற்றும்.

கேள்வி: என்னுடையது நீர்க்கோட்டில் (நீர்மட்டம் படகைத் தொடும் கோட்டில்) 36 அடி நீளமுள்ள கனமான மரப்படகு, உள்ளே டீசல் எஞ்சின். உச்ச வேகம் 2,600 ஆர்.பி.எம். 2,200க்கு மேல் தள்ளினால் பின்பக்கம் அமிழ்கிறதே தவிர வேகம் கூடவில்லை. எஞ்சினில் கோளாறா?

பதில்: எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை. உங்கள் படகு நீரைப் பிளந்து போகும் வகை; அது தன் அலையைத் தாண்டி ஏறப் பிறக்கவில்லை. நீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்குங்கள். 36க்கு வர்க்கமூலம் 6. பெருக்கினால் 8 நாட். அந்த வேகத்தில் படகு எழுப்பும் அலையின் நீளமும் படகின் நீளமும் ஒன்றாகிவிடுகின்றன. முன்னால் ஒரு முகடு, பின்னால் ஒரு முகடு, நடுவில் பள்ளத்தில் படகு. அதற்கு மேல் நீங்கள் கொடுக்கும் டீசல் எல்லாம் அலையைப் பெரிதாக்கத்தான் போகிறது. 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலப் பொறியாளர் சிறிய மாதிரிப் படகுகளைத் தண்ணீரில் இழுத்துப் பார்த்து இந்த அலைத் தடையின் கணக்கைப் பிடித்தார். நீரின் கணக்கு அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.

ஆகவே உங்கள் சுகமான வேகம் 8 நாட்டுக்குக் கீழே இருக்கிறது. எட்டிலிருந்து ஆறரைக்கு இறங்குங்கள். தேவைப்படும் சக்தி ஏறத்தாழப் பாதியாகிவிடும். 26 கடல் மைல் தூரத்துக்கு மூன்றேகால் மணி நேரம் ஆகும் இடத்தில் நான்கு மணி நேரம் ஆகும். முக்கால் மணி நேரம் கூடுதல், ஆனால் மொத்த டீசலில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். படகுக்குள் இருக்கும் சத்தமும் கூடவே தணியும். ஒருவர் உள்ளே படுத்துத் தூங்கலாம்.

டீசல்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. மிச்சப்படுத்துகிறேன் என்று நாள் முழுக்க 1,000, 1,200இல் தவழவிட்டுக்கொண்டே இருக்காதீர்கள். டீசல் எஞ்சினுக்குச் சூடும் பாரமும் வேண்டும். பாரமே இல்லாமல் நெடுநேரம் ஓடினால் எரியாத எரிபொருளும் கரியும் இன்ஜெக்டரிலும் டர்போவிலும் புகைக்குழாயிலும் படியும், சிலிண்டர் சுவர் கண்ணாடிபோல் வழவழத்து எண்ணெயைக் குடிக்கத் தொடங்கும். பின்பலகையில் கரித் திட்டு சேருவது முதல் அறிகுறி. உங்கள் எஞ்சினுக்கு 1,800 முதல் 2,100 வரையில் ஓர் இடத்தைத் தேடுங்கள். மெதுவாகவே போக வேண்டியிருந்த நாளில், கரை சேர்வதற்கு முன் கால் மணி நேரம் நல்ல பாரம் கொடுத்து எஞ்சினைச் சூடாக்கிவிட்டு வாருங்கள்.

கேள்வி: 3,200 ஆர்.பி.எம்.மில் படகு முழுவதும் ரீங்காரம் போடுகிறது. 3,000இலும் 3,400இலும் ஒன்றுமில்லை.

பதில்: எஞ்சினும் புரொப்பெல்லரும் தரும் துடிப்பு, படகின் ஏதோ ஒரு பாகத்தின் இயல்பான அதிர்வோடு அந்த எண்ணில் ஒத்துப்போகிறது. அது எந்தப் பாகம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி: ஒரு எவர்சில்வர் டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி, 3,200இல் ஓடும்போது ஒவ்வோர் இடமாக வைத்துப் பாருங்கள். எஞ்சின் மூடி, தரைப் பலகை, டேங்க் மேல், இருக்கைப் பெட்டி. ஓரிடத்தில் தண்ணீர்ப் பரப்பில் நெருக்கமான வளையங்கள் நடுங்கும். அங்கே கையை அழுத்திப் பிடியுங்கள். ரீங்காரம் தணிந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது: தளர்ந்த திருகாகவோ, ரப்பர் வைக்காத பலகையாகவோ இருக்கும். எதுவும் அகப்படாவிட்டால் அந்த எண்ணைத் தாண்டிப் போய்விடுங்கள், நூறு இருநூறு ஆர்.பி.எம். போதும். ஆனால் வேகம் ஏற ஏற நடுக்கமும் ஏறிக்கொண்டே போனால் கதை வேறு. புரொப்பெல்லர் இலை வளைந்திருக்கிறதா, தண்டில் மீன்பிடி நரம்பு சுற்றியிருக்கிறதா, எஞ்சின் தாங்கி ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பார்க்காமல் மறுபடி கடலுக்குப் போகாதீர்கள்.

கேள்வி: நான் ஓட்டும்போது எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் மூன்று மணி நேரப் பயணம் முடிந்து இறங்கும்போது என் அம்மாவும் குழந்தைகளும் அடித்துப் போட்டதுபோல் இருக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே உங்களைப் பாராட்டுகிறேன். ஓட்டுபவர் சக்கரத்தைப் பிடித்திருக்கிறார், வரும் அலையைப் பார்க்கிறார், உடம்பு முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ஒவ்வோர் அலையும் சொல்லாமல் வருகிறது. ஆகவே பயண வேகத்தை நீங்கள் நிர்ணயிக்காதீர்கள். ஒருமுறை வேறொருவரிடம் சக்கரத்தைக் கொடுத்துவிட்டு, அம்மா உட்காரும் இடத்தில் நீங்கள் போய் அரை மணி நேரம் உட்காருங்கள். எண் தானாக இறங்கும்.

இரண்டு விஷயங்கள் உடம்பைக் களைக்க வைக்கின்றன. முதலாவது இரைச்சல். வேலையிடத்தில் 85 டெசிபல் ஒலியை நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு மணி. கைபேசியில் ஒலி அளக்கும் செயலியை இறக்கி, அவர்கள் காதருகில் பிடித்துப் பாருங்கள். 300 ஆர்.பி.எம். குறைப்பதில் எவ்வளவு இறங்குகிறது என்பது உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

இரண்டாவது, அடி. எதிர் அலையில் படகு நீரை விட்டு எழும்பி விழும்போது அந்த அடி முதுகெலும்பில் நேராக இறங்குகிறது. அது முன்பக்கத்தில்தான் மிகக் கடுமை. அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு முதுகெலும்புக் கண்ணி நசுங்கிய சம்பவங்கள் உண்டு. பெரியவர்களையும் குழந்தைகளையும் நடுவிலோ பின்னாலோ உட்கார வையுங்கள். வேகத்தைக் குறைத்து, டிரிம்மைச் சற்று உள்ளே கொண்டுவந்து, படகின் கூர்மையான முன்பகுதி அலையை வெட்டும்படி செய்யுங்கள். அலையை நேருக்கு நேர் மோதாமல் சற்றுச் சாய்வாகப் போனால் தூரம் கொஞ்சம் கூடும், உடம்பு தப்பிக்கும். அப்படியும் அடி விழுந்தால், மேலேறி ஓடுவதையே கைவிட்டு 6 நாட்டுக்கு இறங்குங்கள். அமைதியான நீரில் எடுத்த அட்டவணைக்கு அன்றைக்கு விடுமுறை.

கேள்வி: சென்ற ஆண்டு முழு த்ராட்டிலில் 5,800 எட்டிய எஞ்சின் இப்போது 5,200ஐத் தாண்டவில்லை. பிட்ச் (ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேற வேண்டிய தூரம்) குறைவான புரொப்பெல்லர் மாற்றலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ஓர் அங்குலப் பிட்ச் குறைத்தால் 150 முதல் 200 ஆர்.பி.எம். கூடும் என்பது உண்மை. ஆனால் அதே புரொப்பெல்லர் சென்ற ஆண்டு சரியாகத்தானே இருந்தது? முதலில் படகைத் தூக்கி அடிப்புறத்தைப் பாருங்கள். பாசியும் சிப்பியும் மெல்லிய படலமாக இருந்தாலே வேகத்தைத் தின்றுவிடும். அடிப்பள்ளத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா? பெட்டிகளில் ஓர் ஆண்டுச் சாமான் சேர்ந்திருக்கிறதா? அதற்குப் பிறகு எரிபொருள் வடிகட்டி, ஸ்பார்க் பிளக், த்ராட்டில் கேபிள் முழுதாகத் திறக்கிறதா என்பது. எல்லாம் சரியாக இருந்தும் 5,200 என்றால்தான் புரொப்பெல்லர் பேச்சு.

இதற்கிடையில் உங்கள் பழைய 4,000 பயண எண்ணை நம்ப வேண்டாம். பாசியும் பாரமும் சேர்ந்த படகில் அதே 4,000க்கு எஞ்சின் முன்பைவிட அதிகப் பாரம் சுமக்கிறது. இதற்கு நேர்மாறாக, ஆர்.பி.எம். ஏறி வேகம் மட்டும் குறைந்தால், புரொப்பெல்லரின் நடுவில் உள்ள ரப்பர் வழுக்குகிறது என்று பொருள். அப்போது மெதுவாகக் கரைக்குத் திரும்புங்கள்.

கேள்வி: புது எஞ்சின். முதல் நாளே பயண வேகத்தில் ஒரே சீராக ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். முதல் பத்து மணி நேரத்துக்கு ஒரே ஆர்.பி.எம்.மில் வைக்காமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். பிஸ்டன் வளையங்கள் பொருந்த அதுதான் வழி. மணிக்கு மணி எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும், அதை அப்படியே பின்பற்றுங்கள்.

கேள்வி: இருட்டிய பிறகும் அதே 4,000இல் வரலாமா? அதற்குக் கீழே எஞ்சினுக்கு நல்லதல்ல என்று ஒருவர் சொன்னார்.

பதில்: வரக் கூடாது. 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் 6ஆவது விதி, எந்தக் கலமும் எந்நேரமும் பாதுகாப்பான வேகத்தில்தான் போக வேண்டும் என்கிறது. மோதலைத் தவிர்க்கவும், தேவையான தூரத்துக்குள் நிற்கவும் முடிய வேண்டும். இதைப் பகலிலேயே சோதித்து வையுங்கள். காலியான இடத்தில், பயண வேகத்தில் வரும்போது ஒரு மிதவைக்கு நேராகத் த்ராட்டிலை இழுத்து, படகு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். முன்கூட்டியே எல்லோரையும் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பின்னால் வரும் அலை துரத்தி வந்து பின்பலகையில் ஏறாதபடி ஒரே இழுப்பில் இழுக்காதீர்கள். இரவில் அந்தத் தூரத்துக்குள் மிதக்கும் ஒரு கட்டையோ விளக்கில்லாத ஒரு சிறு படகோ உங்கள் கண்ணுக்குப் படுமா? படாது என்றால் 6 நாட்டுக்கு இறங்கி, ஒருவரை முன்னால் பார்க்க வைத்துவிட்டு வாருங்கள். ஒன்றிரண்டு மணி நேரம் தாழ்ந்த வேகத்தில் ஓடுவதால் நல்ல எஞ்சினுக்கு எந்தக் கெடுதலும் வராது. திரும்பும் நேரம் கூடும் என்பதை வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள், எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருங்கள்.